பழைய பவுல்ஸ் கிரீனைப் பெயர்த்துச் செயற்கைத் தளம் போடலாமா?

நேர்கோடு:
லான் பவுல்ஸ்னா ஒரு சின்னப் பந்துக்குப் பக்கத்துல போய் நிக்கிற மாதிரி பெரிய பந்துகளை உருட்டுற ஆட்டம்; ஆடுற மட்டமான தரைதான் கிரீன். புல் கிரீன் வெச்சிருக்கிற கிளப் செயற்கைக் கம்பளத்துக்கு மாறலாமான்னு கேட்டா, என் ஓட்டு மாறணும்னுதான். 40 மீட்டர் சதுர கிரீன்னா 1,600 சதுர மீட்டர். சீசன்ல கிட்டத்தட்ட தினமும் 5 மி.மீ. உயரத்துல வெட்டணும். சீசன் முடிஞ்சதும் குழாய் ஊசி இறக்கி மண்குச்சிகளை உருவணும், மணல் கலவை தூவணும், விதை போடணும். இதெல்லாம் தெரிஞ்ச ஆள் போயிட்டா கிரீனும் போச்சு. கம்பளத்துல மழை விட்ட கொஞ்ச நேரத்துல ஆடலாம்.

பழஞ்சுவடி:
பெயரே லான் பவுல்ஸ். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 1299 முதல் ஆடுவதாகச் சொல்லும் கிரீன் இருக்கிறது. புல்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

நேர்கோடு:
அந்தக் காலத்துப் புல்லை அரிவாளும் ஆடும்தான் மட்டம் பண்ணிச்சு, ஐயா. பட்டிங்ங்கிற இங்கிலாந்துக்காரர் புல்வெட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினதே 1830ல. இங்கிலாந்துல உழைக்கிற சனம் இதை ஆடக் கூடாதுன்னு எட்டாம் ஹென்றி காலத்துல, 1541ல போட்ட சட்டம் 1845 வரைக்கும் ஏட்டுல இருந்துச்சு. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல மிட்செல்ங்கிறவர் ஆட்ட விதிகளை எழுதினது, டெய்லர்ங்கிறவர் 1871ல பந்தோட பயஸை, அதாவது ஒரு பக்கமா வளைஞ்சு உருள்ற தன்மையை, சோதிக்கிற மேசை செஞ்சது, எல்லாமே 19ஆம் நூற்றாண்டு வேலை. லிக்னம் வைட்டே மரப் பந்து போய் ரப்பர் வந்துச்சு, அப்புறம் பிளாஸ்டிக். அதுக்கெல்லாம் யாரும் பெயரை மாத்தலையே!

வேர்முடிச்சு:
வரலாற்றில் நேர்கோடு சொல்வது சரி. ஆனால் ஆட்டம் மாறுவதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். கிரீனின் வேகம் என்பது, ஆடுபவர் நின்று உருட்டும் பாயிலிருந்து சுமார் 27 மீட்டர் உருண்டு பந்து நிற்க ஆகும் நொடிகள். நொடி கூடினால் கிரீன் வேகமானது. புதியவர்கள் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்வார்கள். உராய்வு குறைந்த தளத்தில் மெல்ல விட்டாலே பந்து போய்ச் சேரும். மெல்ல உருளும் பந்தைப் பயஸ் கூடுதல் நேரம் இழுக்கும், வளைவு அகலும். பிரிட்டனின் புல்லில் பெரும்பாலும் 10 முதல் 12 நொடி. மணல் நிரப்பிய கம்பளம் இதைவிட வேகமாக ஓடும். ஒரு ஆட்டத்துக்கென்று கிரீனில் பிரிக்கும் நீளப் பட்டையான ரிங்கின் அகலமோ 4.3 முதல் 5.8 மீட்டர்தான். மெதுவான புல்லுக்கென்று வாங்கிய அகல வளைவுப் பந்து அங்கே பக்கத்து ரிங்குக்குள் புகுந்துவிட்டுத் திரும்பும். குறுகிய வளைவுப் பந்துகள் ஆளுக்கு 4 வாங்க வேண்டிவரும். அந்தச் செலவை எந்தக் கிளப்பும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை.

நேர்கோடு:
சரி, ஒத்துக்கறேன். பாதிப் பேர்கிட்ட ஏற்கெனவே குறுகின பந்துதான் இருக்குங்கிறது வேற விஷயம்.

வேர்முடிச்சு:
அதைவிடப் பெரிய சிக்கல் அடித்தளம். களிமண் நிலத்தில் ஓரமாக மரம் நின்றால் வேர் ஈரத்தை உறிஞ்சும், மண் சுருங்கி ஒரு மூலை தாழும். புல்லாக இருந்தால் அந்தத் தாழ்வைச் சில பருவங்கள் மணல் கலவை தூவித் தூவியே ஏற்றிவிடலாம். கம்பளத்தில் அது முடியாது. சுருட்டி எடுத்து, சரளைத் தளத்தைச் சரிசெய்து, மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். நிழல் விழும் பக்கத்தில் பாசி பிடிக்கும். தூரிகை போடாவிட்டால் மணல் ஓரிடத்தில் குவிந்து பந்தின் கோடு உடையும். பராமரிப்பே இல்லாத தளம் என்று விற்பவர்தான் சொல்வார். பத்து வருடம் போனால் கம்பளத்தையே மாற்றும் பேச்சு வந்துவிடும்.

பழஞ்சுவடி:
ஆகப் புல்லே இருக்கட்டும் என்கிறீர்கள்?

வேர்முடிச்சு:
கெட்டுப்போன புல்லுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பாதிக் கிரீன்கள் ரோலராலேயே பாழாகின்றன. மேடு பள்ளம் போகும் என்று ஏற்றுகிறார்கள். மேடு போவதில்லை, மண் இறுகிக் காற்றும் நீரும் இறங்காமல் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. செத்த வேரும் தண்டும் மெத்தையாகச் சேர்ந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். கிரீன் மெதுவாகும், பூஞ்சைத் திட்டுகள் வரும். உடனே புல்லைக் குறை சொல்லிக் கம்பளத்துக்கு ஓடுவார்கள்.

நேர்கோடு:
அப்போ முடிவெடுக்க முன்னாடி நாலு இடத்துல ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் துண்டா வெட்டிப் பார்க்கலாம். மேல இருக்கிற மெத்தை 12 மி.மீ. தாண்டுதா, வேர் எவ்வளவு கீழ போகுது, கறுத்து நாறுற அடுக்கு இருக்கா. மெத்தை மட்டும்தான் கோளாறுன்னா ரெண்டு மூணு வருஷம் துளை போட்டு மணல் தூவினா மீட்டுடலாம். வடிகாலே செத்துப்போச்சுன்னா என் பக்கம் வாங்க.

வேர்முடிச்சு:
வடிகால் செத்திருந்தால் கம்பளத்துக்கும் அதைத்தான் முதலில் தோண்டியாக வேண்டும், சார்.