இன்டர்ஃபெரான் காமாவுக்கு மெலனோமா செல் சரியா பதில் தரலைன்னா, "ரெசிஸ்டன்ட்"னு எழுதலாமா?

உதகை_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில ஒரு கல்லூரி ஆய்வகத்துல ஏ375, எஸ்கே-மெல்-28 ரெண்டு மெலனோமா (தோல் நிறமி செல் புற்று) செல் லைனும் வளர்க்கிறோம். மனித இன்டர்ஃபெரான் காமா (நோய் எதிர்ப்பு செல்கள் விடுற சமிக்ஞைப் புரதம்) மில்லிக்கு 10 நானோகிராம், 24 மணி நேரம். அப்புறம் ஆர்என்ஏ எடுத்து க்யூபிசிஆர்ல (ஜீன் எவ்வளவு வெளிப்படுதுன்னு அளக்கிற முறை) சிடி274 (டி செல்லை அடக்குற பிடி-எல்1 புரதத்தோட மரபணு), ஹெச்எல்ஏ-ஏ, சிஎக்ஸ்சிஎல்10 பார்க்கிறோம். ரெஃபரன்ஸ் ஜீன் (மாறாதுன்னு வெச்சு மத்ததை ஒப்பிடுறது) பி2எம்.

சிடி274 ஏ375-ல ரெண்டு மடங்கு கூடுது, எஸ்கே-மெல்-28-ல 1.3 மடங்குதான். ஹெச்எல்ஏ-ஏ ரெண்டுலயும் அசையவே இல்ல. சிஎக்ஸ்சிஎல்10 மட்டும் 4000 மடங்குன்னு காட்டுது. "எஸ்கே-மெல்-28 இம்யூன் தெரபிக்கு ரெசிஸ்டன்ட், ஜாக்-ஸ்டாட் பாதையில கோளாறு"ன்னு எழுதலாம்னு இங்க சொல்றாங்க (இன்டர்ஃபெரான் சிக்னலைச் செல்லுக்குள்ள கடத்துற வழிதான் ஜாக்-ஸ்டாட்). எழுதலாமா? நோயாளிகளோட பொது டேட்டாவோட ஒப்பிடலாமா?

இன்னும் ரெண்டு விஷயம்: டிஎம்இஎம் மீடியம் 5% கார்பன் டை ஆக்சைடுல ராத்திரி முழுக்க இருந்தாலும் அடர் ரோஸாவே இருக்கு (காரமா இருக்குன்னு அர்த்தம்). எஸ்கே-மெல்-28 ஆர்என்ஏ லேசா பழுப்பா வருது.

கோத்தகிரி_ஆர்என்ஏ

முதல்ல பி2எம்-ஐ ரெஃபரன்ஸ்ல இருந்து எடுங்க. எம்ஹெச்சி முதல் வகுப்பு மூலக்கூறோட (செல் தன் புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டுறது) ஒரு பாதியே அதுதான், ஹெச்எல்ஏ-ஏ இன்னொரு பாதி. இன்டர்ஃபெரான் காமா கொடுத்தா ஹெச்எல்ஏ-ஏ-வும் பி2எம்-மும் சேர்ந்தே ஏறும். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா ஹெச்எல்ஏ-ஏ அசையாத மாதிரிதான் தெரியும். அந்தத் தட்டையான கோடே உங்களுக்குத் துப்பு. வேற வகை ஆய்வுகளுக்கு பி2எம் நல்ல ரெஃபரன்ஸ்தான், பல ரெடிமேட் பேனல்லயும் இருக்கு. ஆனா இந்தச் சோதனைக்கு மட்டும் ஆகவே ஆகாது.

கணக்கைப் பாருங்க. சிடி274 உண்மையில 8 மடங்கு ஏறினா சைக்கிள் எண் (சிக்னல் தெரிய வர்ற பிசிஆர் சுற்று; அளவு இரட்டிப்பானா ஒண்ணு குறையும்) 3 குறையும். பி2எம் 4 மடங்கு ஏறினா 2 குறையும். கழிச்சா மிஞ்சுறது ஒரு சைக்கிள், அதாவது 2 மடங்கு. ஏ375-ல நீங்க பார்க்கிறது இதுவா இருக்க நிறைய வாய்ப்பு.

சோதனையைத் திரும்பப் பண்ண வேண்டாம், கையில இருக்கிற சிடிஎன்ஏ (ஆர்என்ஏவுல இருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) போதும். முதல்ல பி2எம்-மோட சைக்கிள் எண்ணை மட்டும் தனியா, இன்டர்ஃபெரான் கொடுத்தது, கொடுக்காதது ரெண்டுலயும் பாருங்க. அப்புறம் டிபிபி, ஹெச்பிஆர்டி1, ஆர்பிஎல்பி0ங்கற மூணு ரெஃபரன்ஸ் ஜீனையும் ஓட்டி, ரெண்டு நிலைக்கும் அரை சைக்கிளுக்குள்ள நிக்கிறதுல ரெண்டையாவது எடுத்து, சைக்கிள் எண்ணோட சராசரியை ரெஃபரன்ஸா வைங்க. ஜிஏபிடிஹெச்-ஐ தனியா நம்ப வேண்டாம், குளுக்கோஸும் ஆக்சிஜனும் மாறினா அதுவும் மாறும். ப்ரைமர் ஒவ்வொண்ணுக்கும் ஸ்டாண்டர்ட் கர்வ் சரிவு -3.1-க்கும் -3.6-க்கும் நடுவுல இருக்கணும்.

சிஎக்ஸ்சிஎல்10-ல 4000-ங்கற எண்ணை எழுதாதீங்க. மருந்து கொடுக்காத செல்லுல அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சைக்கிள் எண் 35-ஐத் தாண்டித்தான் வரும். அந்த இடத்துல ஒரு சைக்கிள் முன்ன பின்ன ஆனாலே மடங்கு இரட்டிப்பாகும். "கொடுக்கிறதுக்கு முன்னாடி அளவிட முடியாத அளவு, பின்னாடி தெளிவா இருக்கு"ன்னு சொன்னா போதும். ஒரே தட்டுல மூணு குழி ஓட்டுறதை மூணு சோதனைன்னும் எண்ணாதீங்க. வெவ்வேறு பாசேஜ்ல (செல்லைப் பிரிச்சு மறுபடி வளர்க்கிற தடவை), வெவ்வேறு நாள்ல பண்ணினதுதான் கணக்கு. புள்ளியியலை மடங்குல போடாம டெல்டா சைக்கிள் எண்ணுல (ஜீனோட எண்ணுல ரெஃபரன்ஸோட எண்ணைக் கழிச்சது) போடுங்க.

குன்னூர்_கல்ச்சர்

மீடியம் ரோஸா நிக்கிறதுக்குக் காரணம் உயரம். ஊட்டி சுமார் 2240 மீட்டர், காற்றழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல், கடல்மட்டத்துல 101. அங்க 5 சதவீதம் கொடுக்கிற பகுதி அழுத்தத்தை ஊட்டியில கொண்டுவர 6.5 சதவீதம் வேணும். குன்னூருக்கு 6.25 போதும். அப்படியே 5-ல விட்டா பிஹெச் 0.1-க்குக் கொஞ்சம் மேல ஏறும். டிஎம்இஎம்-ல லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட், ஏற்கெனவே காரப் பக்கம் சாயுற மீடியம், அதனால கண்ணுக்கே தெரியுது.

உடனே 6.5-னு திருப்பிடாதீங்க. இன்குபேட்டர் சென்சார் என்ன வகைன்னு பாருங்க. அழுத்தத் திருத்தம் இல்லாத அகச்சிவப்பு சென்சார் கடல்மட்டத்துல கேலிபரேட் ஆகி வந்திருந்தா, அது மூலக்கூறு அடர்த்தியை அளக்குறதால 5-னு காட்டும்போதே உள்ள 6.5 இருக்கலாம். ஃபைரைட் (வாயுவை வேதி முறையில அளக்கிற கருவி) வெச்சு உள்ளூர்ல கேலிபரேட் பண்ணினதுன்னா 5-ங்கறது நிஜமான 5. சந்தேகம் தீர ஒரு வழி: செல் இல்லாத டிஷ்ல மீடியம் ஊத்தி ராத்திரி உள்ள வெச்சு, காலைல வெளிய எடுத்த ஒரு நிமிஷத்துக்குள்ள மீட்டர்ல பிஹெச் பாருங்க. 7.6-ஐத் தாண்டினா கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. ரெண்டு செல் லைனுக்கும் ஒரே இன்குபேட்டர்னா வித்தியாசத்துக்கு இது காரணம் இல்ல, ஆனா சரிபண்ணிட்டு மேற்கொண்டு போறது நல்லது. மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சர்ல கண்ணுக்குத் தெரியாம தொத்துற பாக்டீரியா) பிசிஆரும் போட்டுடுங்க. அது இருந்தா இம்யூன் ஜீன் எல்லாமே கோணலாகும்.

உதகை_மாணவி

ரொம்ப நன்றி. பி2எம்-மோட சைக்கிள் எண்ணைத் தனியா பார்த்தேன். மருந்து கொடுத்தா ஏ375-ல 2 குறையுது, எஸ்கே-மெல்-28-ல 1.8. பழுப்பு நிற ஆர்என்ஏவுக்கு என்ன பண்றது?

கோத்தகிரி_ஆர்என்ஏ

பார்த்தீங்களா, எஸ்கே-மெல்-28-ல பி2எம்-மே 3.5 மடங்கு ஏறியிருக்கு. ஜாக்-ஸ்டாட் உடைஞ்ச செல்லுல இது நடக்காது. உங்க 1.3-ஐ இதால பெருக்கினா சிடி274 சுமார் 4.5 மடங்கு. புது ரெஃபரன்ஸ் வெச்சு உறுதிப்படுத்துங்க.

பழுப்பு மெலனின்தான். ஆர்என்ஏ கூடவே வந்துடும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸையும் பாலிமரேஸையும் பிடிச்சு நிறுத்தும். புறஊதாவை உறிஞ்சுறதால நானோடிராப்ல அளவு கூடுதலாக் காட்டும். அப்போ சிடிஎன்ஏ பண்றப்ப நிஜத்துல கம்மி ஆர்என்ஏதான் போகுது. க்யூபிட் மாதிரி ஒளிர்வு முறையில அளங்க.

தடை இருக்கான்னு பார்க்க, சிடிஎன்ஏவை அஞ்சு அஞ்சு மடங்கா நீர்க்க வெச்சு ஓட்டுங்க. ஒவ்வொரு படிக்கும் 2.3 சைக்கிள் கூடணும். முதல் படியில ஒண்ணோ ஒண்ணரையோதான் கூடுதுன்னா மெலனின் தடுக்குது. ஆர்என்ஏவை இன்னொரு தடவை சிலிக்கா காலம்ல ஏத்தி இறக்குங்க. அதுக்கப்புறமும் நிறம் இருந்தா பிஎஸ்ஏ மைக்ரோலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் சேருங்க. ஏ375-ல நிறமி இல்லாததால அங்க இந்தத் தொல்லை இல்ல. ரெண்டையும் ஒப்பிடுறப்ப இது நினைவுல இருக்கணும்.

கொடைக்கானல்_தரவு

பாதை உடைஞ்சிருக்கான்னு நேரடியா கேக்கணும்னா, இன்டர்ஃபெரான் கொடுத்து 15 முதல் 30 நிமிஷத்துல ஸ்டாட்1 டைரோசின் 701 பாஸ்ஃபரிலேஷனை வெஸ்டர்ன் பிளாட்ல (புரதத்தைக் காட்டுற முறை) பாருங்க. ஐஆர்எஃப்1 சில மணி நேரத்துலயே ஏறும், சிடி274-ஐ ஏத்துறதும் அதுதான். நிஜமா உடைஞ்ச நோயாளிகள் உண்டு: பெம்ப்ரோலிசுமாப்ங்கற பிடி-1 மருந்துல நல்லா சுருங்கி, பிறகு திரும்ப வளர்ந்த கட்டிகள்ல ஜாக்1, ஜாக்2, பி2எம் மாற்றங்களை 2016-ல கண்டுபிடிச்சாங்க. அது டிஎன்ஏ வரிசை பார்த்துச் சொன்னது, க்யூபிசிஆர் மடங்கு பார்த்து இல்ல.

"இம்யூன் தெரபிக்கு ரெசிஸ்டன்ட்"ங்கற சொல்லை தயவுசெய்து விடுங்க. உங்க டிஷ்ல டி செல்லே இல்ல. பிடி-1 மருந்து வேலை செய்யறது டி செல் மேல. நீங்க அளந்தது இன்டர்ஃபெரான் காமாவுக்கு வர்ற மரபணு வெளிப்பாட்டு பதில், அந்தப் பேரே போதும்.

பொது டேட்டாவுல (ஜிஇஓங்கற தளத்துல இருக்கிற எண்கள்) ஜிஎஸ்இ78220 (பிடி-1 மருந்து, 28 மாதிரி), ஜிஎஸ்இ91061 (நிவோலுமாப், சிகிச்சைக்கு முன்னும் இடையிலும்) ரெண்டும் நல்ல தொடக்கம். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஹீட்மேப் போடாதீங்க, ஆய்வகம் ஆய்வகமாத்தான் பிரியும். சிகிச்சைக்கு முன், இடையில எடுத்த மாதிரிகளையும் கலக்கக் கூடாது. மருந்து வேலை செஞ்சாலே இடையில இன்டர்ஃபெரான் ஜீன் எல்லாம் ஏறிடும், அது முன்கணிப்பு ஆகாது. 20,000 ஜீனை 28 மாதிரியில தேடினா எதையாவது காட்டத்தான் செய்யும். முதல்லயே ஒரு ஜீன் தொகுப்பை எழுதி வெச்சு, மாதிரிக்கு ஒரு ஸ்கோர் எடுத்து, ஒரே ஒரு டெஸ்ட் போடுங்க. எஃப்பிகேஎம் (ஜீன் நீளத்துக்குத் திருத்தின) எண்களை டெசெக்2-ங்கற மென்பொருளுக்குள்ள தள்ளாதீங்க, அதுக்கு மூல கவுன்ட் வேணும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, முழுக் கட்டியில வர்ற சிக்னல் யாரோடதுங்கறது. சிடி8ஏ டி செல்லோடது, சிஎக்ஸ்சிஎல்9 பெரும்பாலும் மேக்ரோஃபேஜோடது. நிணநீர்க் கணுவுல எடுத்த பயாப்சின்னா ரெண்டுமே தானா உசந்து நிக்கும். புற்றுசெல் தனியா என்ன பண்ணுதுன்னு தெரிய ஜிஎஸ்இ115978 மாதிரி ஒற்றைச் செல் டேட்டாவுல உங்க மூணு ஜீனும் எந்தச் செல்லுல வருதுன்னு முதல்ல பாருங்க. அதுக்கப்புறம்தான் செல் லைனோட ஒப்பிடுறதுக்கு அர்த்தம்.

முன்னுரையில "மலையில புறஊதா அதிகம், அதனால மெலனோமா"ன்னு எழுதுற வழக்கம் இருக்கு. நம்ம ஊர்ல மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், நகத்தடி மாதிரி வெயில் படாத இடத்துல வர்ற அக்ரல் வகை. அதுல மியூட்டேஷன் எண்ணிக்கை கம்மி, பிடி-1 மருந்துக்குப் பதிலும் கம்மி. மேல சொன்ன டேட்டா பெரும்பாலும் வெளிநாட்டு நோயாளிகளோட வெயில் பட்ட தோல் மெலனோமா. மாதிரி விவரத்துல வகையைப் பார்த்துப் பிரிச்சுடுங்க.

குன்னூர்_கல்ச்சர்

உயரம்னு சொன்னதால இன்னொண்ணு: ஆட்டோகிளேவ். ஊட்டியில கேஜ் 15 பிஎஸ்ஐ காட்டும்போது உள்ள சுமார் 117 டிகிரிதான், 121 இல்ல. 121 வர கிட்டத்தட்ட 18.5 பிஎஸ்ஐ வேணும். அழுத்தத்தை ஏத்துறதுக்கு முன்னாடி பாத்திரமும் சேஃப்டி வால்வும் எவ்வளவு தாங்கும்னு தகட்டுல பாருங்க. தாங்காதுன்னா நேரத்தைக் கூட்டி, ஸ்போர் ஸ்ட்ரிப் உள்ள வெச்சு சோதிச்சுக்குங்க.