இஇஜி பார்த்துப் பிள்ளைக்குப் பாடம் தேர்ந்தெடுக்கலாமா?

தக்கலைக்காரன்:
மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மார்த்தாண்டம் பக்கம் ஓர் இடத்தில் தலையில் பட்டை மாட்டி, இஇஜி என்று மூளையின் மின் அலையைப் பதிந்து பார்த்து, பயோ-மேக்ஸா காமர்ஸா என்று சொல்கிறார்கள். 5000 ரூபாய் கட்டிவிட்டேன். அவள் கண் சிமிட்டியதும் திரையில் கோடு துள்ளியது. "பாருங்க, கவனம் சிதறுது" என்றார் அங்கிருந்தவர். இஇஜி வலிப்பு நோய்க்குச் சரி. சிந்தனையை அளக்கிறோம் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னாலும் ஏமாற்றுதான்.

குளச்சல் அலை:
அண்ணே, கண்விழியே சின்ன பேட்டரி மாதிரி. தலைமேல் கிடைக்கும் மூளைச் சைகை சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு சிமிட்டல் அதைவிடப் பல மடங்கு. அவர் காட்டியது இமையை, கவனத்தை இல்லை. ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். இரண்டு வருஷம் இஇஜி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ல் மனிதத் தலையில் இதைப் பதிவு செய்தார். 1929-ல் கட்டுரை வந்தும் பலர் நம்பவில்லை. 1934-ல் இங்கிலாந்தில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்து பார்த்த பிறகுதான் ஏற்றார்கள்.

தக்கலைக்காரன்:
சரி, அலை இருக்கிறது. வடசேரி சந்தைக்கு வெளியே நின்று இரைச்சலைக் கேட்டு, உள்ளே யார் என்ன விலை பேசினார் என்று சொல்ல முடியுமா தம்பி?

குளச்சல் அலை:
முடியாது. ஆனால் இரைச்சல் எந்த நொடியில் மாறியது என்று சொல்லலாம், அதுதான் இதன் பலம். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். எப்போதாவது வேறு ஒலி வரும். அதைக் கவனிக்கிறவர் மூளை அலையில் சுமார் 300 மில்லிவினாடியில் ஒரு மேடு எழும். பி300 என்பார்கள், 1965-லேயே வெளியானது. "புட்டோடு குடையைத் தின்றாள்" என்று வாசித்தால் 'குடை' வந்த 400 மில்லிவினாடி வாக்கில் வேறொரு அலை இறங்கும். அர்த்தம் இடறிய நேரத்தை விரல் அசையாமலே பார்க்கிறோம். இதை ஏமாற்று என்றால் எனக்கு வலிக்கிறது.

வடசேரி அக்கா:
தம்பி, அந்த ஆசைதான் எனக்குப் பயம். இதே பி300 வகைச் சோதனையைக் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் போலீஸ் பயன்படுத்தப் போய், சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கு. ஆய்வகத்தில் இருப்பது வெளியே வந்தால் இப்படித்தான்.

குளச்சல் அலை:
அக்கா சொல்வது நியாயம். அந்த மேடு ஒரு தடவையில் தெளிவாகத் தெரியாது. பல தடவை பதிந்து சராசரி எடுக்கணும். அதை வைத்து ஒரு பிள்ளைக்கு எந்த குரூப் என்று சொல்ல வழியே இல்லை. அண்ணே, ஒன்று கேட்கிறேன். நாங்கள் எண்ணெய் வைக்காமல் தலை குளித்து வரச் சொல்வோம். எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் படியாது. அங்கே சொன்னார்களா?

தக்கலைக்காரன்:
இல்லை தம்பி. அன்றைக்கும் அவள் அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை பின்னித்தான் அனுப்பினாள். அதன் மேலேயே பட்டையை மாட்டினார்கள். நாளைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன்.