ஷன்ட் உள்ள சிறுவனின் நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர்

கேள்வி:
கதிரியக்கத் துறையில் முதலாம் ஆண்டு பயிலும் மாணவி நான். மூளையில் நீர் கோத்ததால் கைக்குழந்தைப் பருவத்திலேயே தலையிலிருந்து வயிற்றுக்கு அந்நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் பொருத்தப்பட்ட 9 வயதுச் சிறுவன், நான்கு நாட்களாக மூச்சு வாங்குவதாக வந்தான். காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியை நீர் மறைத்திருக்கிறது. நிமோனியா என்றே அறிக்கை எழுதத் தொடங்கினேன். ஆனால் கழுத்திலிருந்து விலா எலும்புகளின் மேல் வெள்ளை நூல்போல இறங்கும் அந்தக் குழாய் உறுத்துகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

மறுமொழி 1:
இருக்கலாம், அறிக்கையை நிறுத்தி வையுங்கள். நுரையீரலைப் பார்க்கும் முன், குழாயை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தொடருங்கள். நுனி உதரவிதானத்துக்குக் கீழே, வயிற்றறைக்குள் தளர்வாகக் கிடக்க வேண்டும். அது மார்புக்கூட்டுக்குள் ஏறியிருந்தால், மூளைத்தண்டுவட நீரே நுரையீரல் உறைக்குள் வடிகிறது என்று ஐயுற வேண்டும். நுனி வயிற்றிலேயே இருந்தாலும், உதரவிதானத்தின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக அந்நீர் மேலேறுவதுண்டு என்பதால், குழாய் சரியான இடத்தில் இருப்பதை மட்டும் கண்டு நிம்மதி அடைய இயலாது. நீரை ஊசியால் எடுத்தால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கான சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மூளைத்தண்டுவட நீரை அடையாளம் காட்டுவது அதுவே.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும்: தலை, கழுத்து, வயிறு ஆகியவற்றின் படங்களும் தேவை. குழந்தை வளர வளரக் குழாய் இழுபடுகிறது. பல ஆண்டுகள் கிடந்த குழாயைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, தோலுக்கடியில் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தில் அறுந்துபோவது அதனால்தான். அறுந்த பின்னும் சுற்றியுள்ள நார்த்தடத்தின் வழியே நீர் ஓடுவதால், பிள்ளை சில காலம் நலமாகவே தெரிவான். எனினும் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை ஒட்டிய சில பகுதிகள் எக்ஸ்ரேயில் தெரியாதவையாகவே செய்யப்படுவதால், இடைவெளியைக் கண்டதும் அறுந்துவிட்டது என்று எழுதிவிடாமல், பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் உண்டா என்று தாயாரிடம் கேட்டீர்களா?

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தலைவலியும் வாந்தியும் இல்லை என்கிறார் தாயார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம் கிடைத்தது. அதில் வயிற்றில் இருந்த நுனி, இப்போது உதரவிதானத்துக்கு மேலே, நீரின் நடுவே வளைந்து நிற்கிறது. அறிக்கையை மாற்றி எழுதி, நரம்பியல் அறுவை மருத்துவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.