பியர் சப்போர்ட் வேலையில் நிறம் குறுக்கே வந்த தருணங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மாலை ஷிஃப்ட்:
இங்கிலாந்தில் ஒரு மனநல வார்டில் பியர் சப்போர்ட் வேலை பார்க்கிறேன், அதாவது மனநலப் பிரச்சினையைத் தானே அனுபவித்தவர் நோயாளிகளுக்குத் துணை நிற்கும் வேலை. நானும் ஒரு காலத்தில் செக்ஷனில், அதாவது மனநலச் சட்டப்படி கட்டாயமாக, அடைபட்டுக் கிடந்தவள்தான். அந்த அனுபவத்தால்தான் இந்த வேலையே கிடைத்தது. சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பையன், வீட்டுக்கு விடவில்லை என்று சாப்பாட்டு அறைக் கதவை உதைத்தான். கீழ்ப்பலகை பிளந்துவிட்டது. குறிப்பேட்டில் ‘மன உளைச்சலில் இருக்கிறார்’ என்று எழுதினார்கள். வியாழக்கிழமை ஒரு கறுப்பினத்தவர், நல்ல உயரம், தன் போன் சார்ஜரைக் கேட்டு அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். மூன்று முறை கேட்டும் உள்ளே ஒருவரும் தலை நிமிரவில்லை. நான்காவது முறை சத்தமாகக் கேட்டார், அவ்வளவுதான். ‘ஆக்ரோஷம்’ என்று எழுதி, அலாரம் அடித்து, ஐந்து பேர் ஓடி வந்தார்கள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டதால் அப்புறம் நடந்தது தெரியாது.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் அடுத்த ஹேண்டோவர் கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். “உங்க சொந்த உணர்ச்சியை இதில் கலக்காதீங்க” என்றார் மேலாளர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொந்த அனுபவத்துக்குத்தானே சம்பளமே தருகிறார்கள்! மாத்திரை, தூக்கம், காதில் கேட்ட குரல் எல்லாம் அனுபவம், நிறம் மட்டும் அரசியலாம்.

1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் கறுப்பினத்தவர் இங்கே கட்டாயமாக அடைக்கப்படும் விகிதம் வெள்ளையரைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். இது தெரிந்தும், ‘அவர் ஏன் ஸ்டாஃபை நம்ப மாட்டேன் என்கிறார்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய வார்டுக்காரன்:
அக்கா, நான் படுக்கையில் இருந்து பார்த்தவன். என் கதை இதற்குத் தலைகீழ். நான் சத்தமே போட மாட்டேன். ‘அமைதியானவர், குடும்ப ஆதரவு உண்டு’ என்று எழுதிவிட்டார்கள். குடும்ப ஆதரவு என்றால், வாரம் ஒருமுறை வந்து “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்றுவிட்டுப் போகும் அண்ணன். இரவெல்லாம் நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தது பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை.

தமிழன் என்பதால் ஒரு தமிழ் பியர் வொர்க்கரை அனுப்பினார்கள். நல்ல மனிதர். முதல் கேள்வியே “நீங்க எந்த ஊர்?” வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது கேள்வியில் என் சித்தப்பாவைத் தெரிந்திருக்கும்! கடைசியில் நான் வாய் திறந்தது கரீபியப் பூர்வீகம் உள்ள ஒரு அம்மாவிடம். “ராத்திரி எங்கே போய் உட்காருவே?” என்று கேட்டார். தூங்கினாயா என்றுதான் மற்ற எல்லாரும் கேட்டார்கள்.

நிறம் ஒத்துப்போனால் மனம் ஒத்துப்போகும் என்று கணக்குப் போடுகிறவர்களை என்ன சொல்வது.

டீ பிரேக்:
தங்கச்சி, அந்த அலாரத்துக்கு அப்புறம் அவர்மேல் கைவைத்தார்களா என்று பாருங்கள். 2010இல் ஓலசேனி லூயிஸ் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞர், தானாக உதவி தேடி மருத்துவமனைக்குப் போனவர், 11 போலீஸ்காரர்கள் அமுக்கிப் பிடித்ததில் சுருண்டு விழுந்து, சில நாளில் இறந்தார். அவர் பெற்றோர் விடாமல் போராடியதில் 2018இல் சட்டம் வந்தது. வார்டில் பலம் பயன்படுத்தினால் காரணம், நேரம், நோயாளியின் இனம் எல்லாம் பதிய வேண்டும். நான் மாதக் கூட்டத்தில் இனவாரியாக எண்ணிக்கை கேட்பேன். முதல் இரண்டு முறை முகத்தைச் சுளித்தார்கள். இப்போது நான் கேட்கும் முன்பே தாள் வந்துவிடுகிறது.

மாலை ஷிஃப்ட்:
அண்ணா, கேட்டுப் பார்த்தேன். பிடித்திருக்கிறார்கள், நான்கு நிமிடம். படிவமும் இருக்கிறது. இனம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’. ஆறு வாரமாக எங்கள் வார்டில் இருக்கிறார் மனிதர்.

சார்ஜர் நேற்றுத்தான் கையில் கொடுத்தார்கள்.