‘கிரவுண்ட்ஹாக் டே’: பில் திருந்துகிறானா, தேர்ச்சி பெறுகிறானா?

மாலைக்காட்சி (கேள்வி):

ஹெரால்டு ராமிஸ் இயக்கி 1993-இல் வெளிவந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’ குறித்து ஓர் ஐயம். பிட்ஸ்பர்க் தொலைக்காட்சி ஒன்றின் வானிலை அறிவிப்பாளன் பில் கானர்ஸ். பிப்ரவரி 2 அன்று கிரவுண்ட்ஹாக் என்னும் அணில் இன விலங்கு தன் நிழலைக் காண்கிறதா என்பதை வைத்துக் குளிர்காலம் நீளுமா என்று கணிக்கும் விழாவுக்காக, பென்சில்வேனியாவில் உள்ள பங்ஸடானிக்கு வேண்டாவெறுப்பாக வருகிறான். பனிப்புயலால் ஊர் திரும்ப முடியாமல் தங்கியவனை மறுநாள் காலை 6 மணிக்கு அதே வானொலிப் பாட்டு எழுப்புகிறது. அதே பிப்ரவரி 2 மீண்டும் மீண்டும் தொடங்குகிறது, கடந்த நாட்கள் அவன் ஒருவனுக்கு மட்டுமே நினைவில் இருக்கின்றன.

கானர்ஸாக வரும் நடிகர் பில் மர்ரேயின் நடிப்பைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால், நாட்களுக்குப் பஞ்சமே இல்லாத ஒருவன் நல்லவனாக இருப்பதற்கு என்ன விலை கொடுக்கிறான்? அவனது பணம் மறுநாள் காலை பைக்குத் திரும்பிவிடுகிறது, உடல் மூப்படைவதில்லை. உடன் வந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ரீட்டாவை வசப்படுத்தச் செய்த தந்திரங்களெல்லாம் கன்னத்தில் அறையாக முடிந்த பிறகு, நல்லவனாக இருந்து பார்த்தான், அது பலித்துவிட்டது என்று சொன்னால் அது தவறான வாசிப்பாகுமா?

இரண்டாம்வரிசை:

நிகழ்ச்சிகளின் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். ரீட்டாவிடம் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லி, அவளும் அதை நம்பி, இரவு முழுவதும் அவனோடு தங்க இசைந்து, அவன் அருகில் உறங்கியும் போகிறாள். ஆனாலும் காலையில் அதே பாட்டுதான் ஒலிக்கிறது. நீங்கள் சொல்வது போல் ரீட்டாதான் பரிசு என்றால், அவளது கனிவு கிடைத்த அந்த இரவிலேயே அவனுக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான், அதுவரை கண்டும் காணாதவனாகக் கடந்துபோன தெருமுனைக் கிழவனின் கையில், தன்னிடம் இருந்த பணம் முழுவதையும் வைத்துவிட்டுப் போகிறான்.

அந்தக் கிழவன் அன்றிரவே இறந்துபோகிறான். முதுமைதான் காரணம் என்று செவிலி சொல்வதை பில் ஏற்க மறுத்து, அடுத்தடுத்த நாட்களில் சூப் வாங்கிக் கொடுக்கிறான், தெருச்சந்தில் மண்டியிட்டு மூச்சு ஊதிப் பார்க்கிறான். எத்தனை முறை பயின்றாலும் கைவராத காரியம் படத்தில் இது ஒன்றுதான். இதற்குத் தேர்ச்சி என்று எப்படிப் பெயர் வைப்பது?

பழையசுருள்:

திரைக்கதை உருவான விதமும் இக்கேள்விக்குத் தொடர்புடையது. டேனி ரூபின் எழுதிய முதல் வடிவம், பில் ஏற்கெனவே இந்தச் சுழலில் சிக்கிக் கிடக்கும் நிலையிலிருந்து தொடங்கியது. பின்னர் தயாரிப்பு நிறுவனம் காரணம் ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தியதால், பில்லால் கைவிடப்பட்ட காதலி ஒருத்தியின் சாபம் ஒரு வரைவில் சேர்க்கப்பட்டது. நல்ல வேளையாக அது படத்தில் இடம்பெறவில்லை. சாபம் இருந்திருந்தால் அதற்கு விமோசனமும் இருந்திருக்கும். பில் செய்யும் ஒவ்வொரு உதவியும் பரிகாரக் கணக்கில் வரவாகியிருக்கும், மாலைக்காட்சி அவர்களின் வாசிப்பும் முழுமையாகப் பொருந்தியிருக்கும். காரணமே சொல்லப்படாததால், நல்லது செய்தால் வெளியேறலாம் என்ற குறிப்புகூட பில்லுக்குக் கிடைப்பதில்லை. இதற்கிடையில், தான் தெய்வமோ என்றுகூட அவன் ரீட்டாவிடம் சொல்லிப் பார்க்கிறான்.

தேநீர்நேரம்:

நான் இருவரோடும் பாதிதான் உடன்படுகிறேன். கிழவனின் மரணம் முக்கியம்தான். ஆனால் அக்காட்சியில் படம் நகைச்சுவையை நிறுத்திக்கொள்வதால் அது தனித்துத் தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மேலும் வலுவான சான்றாகப் படுவது, பில் சேகரிக்கும் தகவல்கள். தொடக்கத்தில் நான்சி என்ற பெண்ணிடம் அவள் படித்த பள்ளியையும் ஆங்கில ஆசிரியரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் பழைய வகுப்புத் தோழனாக நடித்து அவளை ஏமாற்றுகிறான். பிற்பகுதியிலும் அதே வேலையைத்தான் செய்கிறான்: யார் எந்த நேரத்தில் எங்கே இடறுவார்கள் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். மரத்திலிருந்து விழும் சிறுவனைத் தாங்கிப் பிடித்து, ஓடிப்போகும் அவனை நோக்கி, ஒரு நாளாவது நன்றி சொன்னாயா என்று கத்துகிறானே, அந்த எரிச்சலில் பழைய பில் அப்படியே இருக்கிறான். முற்றிலும் சாதுவாகிவிட்ட பில்லை நான் நம்பியிருக்க மாட்டேன்.

படத்தின் உண்மையான குறை ரீட்டாதான். அவள் தொடக்கம் முதலே நல்லவள், முடிவிலும் அதே நல்லவள். அவன் தன்னை அளந்துகொள்வதற்கான அளவுகோலாக மட்டும் எழுதப்பட்டிருக்கிறாள். கடைசி இரவு விருந்தில் ஆண்களை ஏலம் விடும் காட்சியில், தன் கணக்கில் இருக்கும் 339 டாலர் 88 சென்ட் முழுவதையும் கூவி அவனை எடுக்கும்போதுதான் அவளுக்கென்று ஒரு விருப்பம் வெளிப்படுகிறது.

மாலைக்காட்சி:

மூவருக்கும் நன்றி. ரீட்டா தங்கிய இரவைப் பற்றி இரண்டாம்வரிசை அவர்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. விலை பற்றிய என் கேள்வி மட்டும் முழுமையாகத் தீரவில்லை. ஆயினும் உங்கள் பதில்களைப் படித்த பிறகு, சுழலின் நாட்களில் பில்லுக்குப் பாடம் சொல்லித்தரும் பியானோ ஆசிரியை நினைவுக்கு வந்தார். கடைசி இரவு விருந்தில் பில் வாசிப்பதைக் கேட்டு, அவன் தன் மாணவன் என்று அவர் பெருமையோடு சொல்கிறார். அவருக்கு முந்தைய பாடங்கள் எதுவும் நினைவில் இருக்க வழியில்லை. ஆகவே அன்றும் பில் அவர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்கு வாசிக்கத் தெரிந்தவனுக்கு அன்றைய பாடத்தால் ஒரு பயனும் இல்லை. பில் முதல் நாள் பாடம் கேட்க வந்து 1,000 டாலர் நீட்டியவுடன், அப்போது பாடம் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி வெளியே அனுப்பப்பட்டாள்; அந்தச் சிறுமி, இந்த முறையும் பாதிப் பாடத்தில் வாசலுக்கு வந்தாளா என்பதைத்தான் படம் காட்டவில்லை.