மாமாவுக்கு எந்த வருட டிரைவர்?

குழு: மாமா அறுபதாம் கல்யாணம் (மாமாவைச் சேர்க்க வேண்டாம்)
2025 ஜூன், சனிக்கிழமை காலை

கோவை அக்கா: எல்லாருக்கும் வணக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம், ஐயர், சமையல் மூன்றும் பேசியாகிவிட்டது. பரிசு மட்டும்தான் பாக்கி. கோல்ஃப் டிரைவர், அதாவது முதல் அடிக்கு எடுக்கும் பெரிய மட்டை, என்று போன வாரம் சொன்னீர்கள். அதுதானா?

பெங்களூரு அண்ணன்: அதேதான் அக்கா. டெய்லர்மேட் கம்பெனியின் க்யூஐ35. இந்த ஜனவரியில்தான் வந்தது. மாமா இன்னும் 2016இல் வந்த எம்2 வைத்துக்கொண்டு ஆடுகிறார்.

அக்கா: விலை?

அண்ணன்: அமெரிக்காவில் 600 டாலர். இங்கே வரி எல்லாம் சேர்ந்து கூடும். ஆளுக்குப் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது.

நான்: அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். க்யூஐ35 நல்ல டிரைவர்தான், மறுக்கவில்லை. நாம் ஆவணியில் கொடுப்போம். டெய்லர்மேட் வழக்கப்படி தை மாதம் அடுத்தது வந்து நிற்கும். 2020 சிம், 2021 சிம்2, 2022 ஸ்டெல்த், 2023 ஸ்டெல்த் 2, 2024 க்யூஐ10, 2025 க்யூஐ35. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. கேலவே கம்பெனியும் அப்படித்தான்: ரோக் எஸ்டி, பாராடைம், ஏஐ ஸ்மோக், இந்த வருடம் எலைட். அடுத்தது வந்ததும் முந்தையதன் விலையைக் கடைக்காரர்களே இறக்கிவிடுவார்கள். இப்போது க்யூஐ10 அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஸ்டீல் பிளான்ட் பெரியப்பா: எல்லாக் கம்பெனியுமே வருடா வருடம் மாற்றுகிறானா?

நான்: இல்லை பெரியப்பா. டைட்டலிஸ்ட் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். டிரைவர் இரட்டைப்படை வருடம்: 2022இல் டிஎஸ்ஆர், 2024இல் ஜிடி. டி வரிசை அயர்ன் மட்டைகள் ஒற்றைப்படை வருடம். ப்ரோ வி1 பந்தும் ஒற்றைப்படை வருடம்தான். வோக்கி வெட்ஜ் மட்டைகள் மறுபடி இரட்டைப்படை. கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும், ஆனால் வாங்கியவர் சாமான் இரண்டு வருடம் நடப்பு மாடலாகவே இருக்கும். பிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். 2021 ஜி425, 2023 ஜி430, இந்த வருடம் ஜி440.

பெரியப்பா: சரி கண்ணு. ஒரு வருடத்துக்குள் அப்படி என்ன மாறிவிடும்? உலோகம் மாறுகிறதா?

நான்: பெரிதாக மாற வழியே இல்லை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏவும் உச்சவரம்பு போட்டிருக்கின்றன. மட்டைத் தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது. பந்தில் படும் முகத்தில் சின்ன ஊசல் ஒன்றை மோதவிட்டு, அது ஒட்டி நிற்கும் நேரத்தை அளப்பார்கள். வரம்பு 239 மைக்ரோ செகண்ட், அதற்கு மேல் 18 வரை சலுகை. தலை எவ்வளவு திருகாமல் நிற்கலாம் என்பதற்கும், அதாவது நிலைமத் திருப்புத்திறனுக்கும், 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு. எல்லாமே 2000களில் வந்த விதிகள். அதனால் நடுவில் பட்ட அடிக்குப் புது மாடல் கூடுதலாக ஒன்றும் கொடுத்துவிடாது. ஓரத்தில் பட்ட அடியைக் காப்பாற்றுவதில்தான் போட்டி முழுவதும்.

பெரியப்பா: ஓ, அப்போது எடையை எங்கே வைப்பது என்பதுதான் கணக்கு. எங்கள் கோல்ட் ரோலிங் மில்லில் ஓடிய துருப்பிடிக்காத எஃகின் அடர்த்தி 7.9. டைட்டானியம் 4.5. கார்பன் ஃபைபர் 1.6 சுற்றி. தலையின் கூரையைக் கார்பனில் செய்தால் அங்கே மிச்சமாகும் கிராமைக் கீழேயும் பின்னாலேயும் கொண்டுபோய் வைக்கலாம்.

நான்: அதையேதான் செய்கிறார்கள் பெரியப்பா. 2022 ஸ்டெல்த்தில் முகத்தையே கார்பனாக்கினார்கள், 60 அடுக்கு. க்யூஐ10 வரிசையின் மேக்ஸ் மாடலில் அந்தத் திருப்புத்திறனை இரண்டு அச்சிலும் கூட்டினால் 10,000 வருகிறது என்று விளம்பரம் செய்தார்கள். விதி ஒரு அச்சைத்தான் கட்டுப்படுத்துகிறது. இன்னொரு அச்சில் இடம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன்: நீ சொல்வதே எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. எம்2வுக்கும் இதற்கும் எட்டு ஒன்பது வருட வித்தியாசம். மாமாவுக்கு நன்றாகவே தெரியும்.

நான்: கண்டிப்பாகத் தெரியும். வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது எல்லாம் ஒரே தாவலில் அவருக்குக் கிடைக்கும். ஆனால் அந்தத் தாவலில் முக்கால்வாசிக்கு மேல் க்யூஐ10இலேயே வந்துவிடுகிறது என்பது என் எண்ணம். 10க்கும் 35க்கும் நடுவே இருப்பதை வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறவர் உணர்வது கஷ்டம்.

அண்ணன்: டிவியில் ஆடுகிறவர்கள் மட்டும் ஜனவரி ஆனால் மாற்றிவிடுகிறார்களே?

நான்: ஒப்பந்தம் இருக்கிறது அண்ணா. புது டிரைவர் கடைக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் கையில் தெரிய வேண்டும். ஒப்பந்தம் தடுக்காத இடத்தில் அவர்களே பழையதை விடமாட்டார்கள். டைகர் உட்ஸ் ஜெயித்த 15 மேஜர் பட்டங்களில் 14 ஒரே ஸ்காட்டி கேமரன் பட்டரில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையில். ஹென்ரிக் ஸ்டென்சன் ஒரு பழைய கேலவே டயாப்லோ 3 வுட் மட்டையை எத்தனையோ மாடல் வந்து போன பிறகும் பையிலேயே வைத்திருந்தார்.

ஏற்காடு அத்தை: இப்போதுதான் எல்லாம் படித்தேன். உங்கள் மாமா தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இவ்வளவு வேகமாக மாற்றிக்கொண்டே இருந்தால், வாங்கியவனுக்கு எரிச்சல் வராதா?

நான்: வந்தது அத்தை. 2013இல் டெய்லர்மேட் வருட ஆரம்பத்தில் ஆர்1 விட்டது, ஆகஸ்டிலேயே எஸ்எல்டிஆர், வருடம் முடிவதற்குள் ஜெட்ஸ்பீட். ஆர்1 வாங்கியவர் கையில் அதன் பளபளப்புப் போவதற்குள் அது தள்ளுபடி அலமாரிக்குப் போய்விட்டது. கடைகளில் சரக்குத் தேங்கியது. 2014இல் அமெரிக்காவின் டிக்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடைகள் கோல்ஃப் பிரிவில் இருந்த நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பின. 2016இல் நைக்கி மட்டை செய்வதையே நிறுத்தியது. 2017இல் அடிடாஸ் டெய்லர்மேட்டை விற்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன், அப்போது விளையாட்டுக்கே கூட்டம் குறைந்திருந்தது. ஆனால் அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு முறை என்ற கட்டுக்குள் வந்துவிட்டார்கள். நம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காரர்களே தீபாவளிக்கு ஒரு டிசைன் இறக்கினால் அது விற்றுத் தீரும்வரை அடுத்ததைக் காட்டமாட்டார்கள்.

அக்கா: விவரம் போதும், முடிவுக்கு வாருங்கள். அத்தை, மாமாவின் மட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

அத்தை: இருங்கள். காபி காயவைக்கும் களத்தில் வலை கட்டி வைத்திருக்கிறார், பக்கத்திலேயே பை இருக்கும்.

அத்தை: (புகைப்படம்)

அத்தை: (புகைப்படம்)

அத்தை: கைப்பிடி ரப்பர் கட்டை விரல் வைக்கும் இடத்தில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. தலைக்கு அடியில் 10.5 என்று இருக்கிறது, தண்டில் ‘ஆர்’. மேலே கறுப்புப் பெயின்ட் இரண்டு இடத்தில் உரிந்திருக்கிறது. முகத்தில் வெள்ளைத் தழும்பு எல்லாம் நுனிப் பக்கமாகவே இருக்கிறது.

பெரியப்பா: தங்கச்சி, முதல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் மறுபக்கம் பார்க்கிறதே. இது இடது கை மட்டை அல்லவா?

அத்தை: ஆமாம் அண்ணா. எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை. மட்டை, அரிவாள் இரண்டும் இடது. பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அண்ணன்: எனக்குத் தெரியாது அத்தை! நான் மாமாவோடு ஒரு நாள்கூட ஆடியதில்லை. அவர் செட்டிபாளையம் போவார், நான் இங்கேயே ஆடுகிறேன்.

நான்: இது பெரிய விஷயம். இடது கை டிரைவர் எந்த மாடலிலும் குறைவாகத்தான் வரும். லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, எல்லா அளவிலும் கிடைக்காது. போன வருட மாடல் என்றால் தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது கேட்க ஆளில்லாமல் கடையில் கிடக்கலாம். அண்ணா, நீங்களே கேட்டுப் பாருங்கள். நுனியில் அடி படுகிறது என்றால் மேக்ஸ்தான் அவருக்குச் சரி.

மாலை

அண்ணன்: மூன்று கடைக்குப் போன் செய்தேன். ஒரு கடையில் க்யூஐ10 மேக்ஸ், இடது கை, 10.5, ஒன்றே ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. க்யூஐ35 இடது கையில் கேட்டால் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டுமாம், தேதி சொல்லமாட்டேன் என்கிறார்கள். ஒரு சிக்கல்: இதில் இருப்பது ஸ்டிஃப் ஷாஃப்ட், விறைப்பான தண்டு. மாமாவுடையதில் ‘ஆர்’, அதாவது ரெகுலர்.

நான்: ஷாஃப்டை மாற்றிக்கொள்ளலாம் அண்ணா. கழுத்தில் திருகு இருக்கும், கழற்றி வேறு போடலாம். லாஃப்டையும் அங்கேயே இரண்டு டிகிரி வரை ஏற்றி இறக்கலாம். அறுபது வயதில் சுற்றும் வேகத்துக்கு ரெகுலரா, இன்னும் இளகிய சீனியரா என்பதை நாம் இங்கே உட்கார்ந்து சொல்லக் கூடாது. விலையில் மிச்சமாகும் பணத்தில் ஷாஃப்டும் புதுக் கிரிப்பும் போடுவோம். கடையில் அளந்து பார்த்து, அவர் அடித்துப் பார்த்து எடுக்கட்டும். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான பரிசு. வருடம் எதுவாக இருந்தால் என்ன.

பெரியப்பா: எனக்கும் அதுவே சரி. மச்சான் நல்ல சாமான் வந்தால் பத்து வருடம் வைத்திருப்பார். ஏற்காட்டு மலையில் அவர் ஓட்டும் ஜீப்பைப் பார்த்தாலே தெரியும்.

அண்ணன்: சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒன்றை வேறு யாரும் எடுப்பதற்குள் நான் நாளைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன். ஷாஃப்ட் மட்டும் மாமா வந்து அடித்துப் பார்த்த பிறகு.

அக்கா: அவரை எப்படிப் பெங்களூரு அழைத்துப் போவது? சந்தேகம் வருமே.

அத்தை: ஆடி பிறப்பதற்கு முன்னால் காபிக் கணக்கு விஷயமாக அவரே பெங்களூரு வருகிறார். தம்பி, நீ கூட்டிக்கொண்டு போய், உனக்கு வாங்குவதாகச் சொல்லி அடிக்கச் சொல்.

அண்ணன்: நான் வலது கை அத்தை. இடது கை மட்டையைக் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பெரியப்பா: கண்டுபிடிக்கட்டுமே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாதம் களத்தில் அடித்துப் பழகினால் நல்லதுதான்.

அக்கா: அப்படியே செய்யலாம். அவரவர் பங்கை நான் தனியாக அனுப்புகிறேன், செவ்வாய்க்குள் போட்டுவிடுங்கள். அத்தை, பழைய எம்2வை யாரும் தூக்கிப் போட வேண்டாம், என் பையன் கேட்கிறான். அவனும் இடது கைதான்.