சைக்கிளில் தயிர் விற்றவர் எப்படித் தலைநகர் மேயரானார், அதிபரும் ஆனார்?

கடலோடி:
கொஞ்ச நாளாக மடகாஸ்கர் வரலாறு வாசிக்கிறேன். 2009 ஆட்சிக் கவிழ்ப்பில் ஆரம்பித்துப் பின்னால் போகப் போக, எங்கே திரும்பினாலும் மார்க் ரவலோமனானா நிற்கிறார். 1949-இல் தலைநகர் அண்டனானரீவோ பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், வீட்டில் உறைய வைத்த தயிரைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றவர். அப்புறம் டிகோ என்ற பால்பொருள் நிறுவனத்தை வளர்த்துப் பெரும் பணக்காரர் ஆகி, 1999 கடைசியில் தலைநகருக்கு மேயர், 2002-இல் நாட்டுக்கே அதிபர். மேயராக இருந்ததோ இரண்டு வருஷம் சொச்சம். அதற்குள் அப்படி என்ன செய்தார்? இல்லை, காசுதான் காரணமா?

மலைப்பாதை:
காசு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. அவர் பொறுப்புக்கு வந்தபோது தெருவில் குப்பை மலை மாதிரி கிடந்தது, சாலைகள் குழியும் பள்ளமுமாக இருந்தன. குப்பையை அள்ள வைத்தார், சாலைகளைச் சீர் செய்தார், அனுமதி இல்லாமல் கட்டியவற்றை இடித்தார். இடித்ததில் வீடு போனவர்களின் கோபமும் நியாயமானதுதான், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் நகராட்சி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் பலருக்குக் கண்ணில் பட்டது.

இன்னொன்று, மலகாசி மொழியில் 'தியாகோ' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. மேயர் தேர்தலுக்கு அவர் அமைத்த அணியின் பெயர் 'தியாகோ இயாரிவோ', அதாவது இந்த ஊரை நேசிக்கிறேன். நிறுவனத்தின் பெயர் டிகோ. தயிர் டப்பாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கட்சியின் பெயரும் காதில் ஒலிக்கும். அதே பெயர்தான் பிறகு 'தியாகோ இ மடகாசிகாரா' என்று தேசியக் கட்சியானது. டிகோ வண்டி போகும் ஊரில் எல்லாம் ஆள் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, இதைவிட ஒரு வேட்பாளருக்கு என்ன வேண்டும்?

நெல்வயல்:
மேலே சொன்னது சரி, ஆனால் தேவாலயத்தை விட்டுவிட்டீர்கள். மடகாஸ்கரின் பெரிய புரோட்டஸ்டன்ட் சபையில் அவர் துணைத் தலைவராக இருந்தவர். டிகோவுக்கு ஆரம்பத்தில் உலக வங்கிக் கடன் கிடைத்ததிலும் சபையின் கை இருந்தது. 2001 டிசம்பர் தேர்தலில் முதல் சுற்றிலேயே தனக்குப் பாதிக்கு மேல் ஓட்டு என்று இவர் சொல்ல, அப்போதைய அதிபர் ரட்சிராகா தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கில் ஜனங்கள் தலைநகரின் மே 13 சதுக்கத்தில் நாள் கணக்காகக் கூடி நின்றார்கள். ரட்சிராகா துறைமுக நகரான தோமாசினாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தலைநகருக்கு வரும் சாலைகள் அடைக்கப்பட்டன, பாலங்கள் தகர்க்கப்பட்டன, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அத்தனையையும் அந்த ஊர் தாங்கியது. விலை கொடுத்து அதை வாங்க முடியாது, நான் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். அதிபரான பிறகும் வியாபாரத்தை விடவில்லை. டிகோ குழுமம் பால், சமையல் எண்ணெய், மாவு, மொத்த வியாபாரம் என்று விரிந்துகொண்டே போனது. விதிகளைப் போடுபவரும் அதில் லாபம் பார்ப்பவரும் ஒருவரே என்றால் மற்ற வியாபாரி எங்கே போவான்? 2008-இல் 6 கோடி டாலருக்கு அதிபர் விமானம் வாங்கினார், அதே வருஷம் தென்கொரிய தேவூ நிறுவனத்துக்கு 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு வெளியே வந்தது. மூதாதையரைப் புதைத்த மண்ணை உயிராக நினைக்கும் நாட்டில் அது எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலைப்பாதை:
அந்தக் கோபத்தைக் கையில் எடுத்தவரும் ஒரு வியாபாரி-மேயர்தான். ஆன்ட்ரி ரஜோலினா, டிஜேயாக இருந்து விளம்பர நிறுவனம் நடத்தியவர், 2007 டிசம்பரில் இதே நகரத்தின் மேயரானார். நாட்டைவிட்டுப் போயிருந்த ரட்சிராகாவின் பேட்டியை ஒளிபரப்பியதற்காக 2008 டிசம்பரில் ரஜோலினாவின் தொலைக்காட்சியை அரசு மூடியது. 2009 ஜனவரி 26-இல் ரவலோமனானாவின் கிடங்குகள் சூறையாடப்பட்டு எரிந்தன, பலர் உள்ளேயே கருகினார்கள். பிப்ரவரி 7-இல் அதிபர் மாளிகைக் காவலர்கள் எதிர்ப்பாளர் கூட்டத்தின் மீது சுட்டார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மார்ச் 17-இல் ரவலோமனானா பதவி விலகினார். ஆட்சி ரஜோலினா கைக்குப் போனது. அவருக்கு அப்போது 34 வயது, அதிபராக அரசியல் சட்டம் கேட்டதோ 40.

கடலோடி:
இருவருக்கும் நன்றி. விளம்பரத்தையும் தேவாலயத்தையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மேயர் பதவியில் செய்த வேலை ஜனங்கள் தினமும் நடக்கிற தெருவில் தெரிந்தது, அதிபர் பதவியில் அவர்கள் கண்ணில் பட்டது டிகோவின் பெயர்ப்பலகை. எனக்கு இப்போது இப்படித்தான் தோன்றுகிறது. 2015-இல் அவர் மனைவி லாலாவோ அதே நகர மேயராக ஜெயித்தார் என்று இன்றுதான் பார்த்தேன். அந்தக் காலம் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள், குப்பை விஷயம் அப்போது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.